ஆட்டத்தின் விதியும் கதையின் உரிப்பொருளும்

முன்னுரை

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு நம் கதைகளை எந்த வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும், முந்நூறு பக்கத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், "அப்புறம் பார்க்கலாம்மா" என்று நழுவிவிடுகிறார்கள். ஆனால் விளையாட்டு என்றால் உட்காருகிறார்கள்.

இப்போது இளைஞர்களிடையே பரவியிருக்கும் விளையாட்டுகளில் ஒன்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். ஆங்கிலத்தில் ரோல் பிளேயிங் கேம் என்கிறார்கள். கம்ப்யூட்டர் தேவையில்லை. நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடை, ஒரு விதிப்புத்தகம் இவை போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கோட்டை வாசலில் காவலன் நிற்கிறான், என்ன செய்கிறாய்?" என்று நடத்துநர் கேட்பார். பாத்திரத்தை ஏற்றவர் தாம் செய்வதைச் சொல்வார். அது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். எத்தனை விழுந்தால் வெற்றி, தோற்றால் என்ன நட்டம் என்பதை விதிப்புத்தகம் சொல்லும்.

இதைப் பார்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு நியாயமான ஓர் ஆசை தோன்றும். வெள்ளைக்காரக் குதிரைவீரனாக ஆடுகிற பிள்ளை வந்தியத்தேவனாக ஆடக்கூடாதா? அரக்கர் குகை இருக்கிற இடத்தில் கடம்பூர் மாளிகையை வைக்கக்கூடாதா? பெயர்களை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. எந்தக் கதைக்கு எந்த விதி பொருந்தும் என்று பார்க்காமல் பெயரை மட்டும் மாற்றினால், கதையின் உயிர் வெளியே நின்றுவிடும். இதை எடைபோடுவதற்கான அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

முதல், கரு, உரி

அகத்திணையியலில் தொல்காப்பியர் பாடலின் பொருளை மூன்றாகப் பகுக்கிறார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் என்பது அங்கே நடக்கும் மன ஒழுக்கம்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். பள்ளியில் படித்தவர்களுக்கு இது மனப்பாடம்.

இம்மூன்றும் ஒரே தகுதி உடையவை அல்ல. உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுக்கிறார். ஒரு நிலத்தின் பறவை வேறு நிலத்தில் வந்து பாடலாம், ஒரு திணையின் பொழுது மற்றொன்றில் வரலாம். பாட்டின் திணையை முடிவு செய்வது உரிப்பொருள்தான். மலையும் வேங்கை மரமும் இருந்தாலே ஒரு பாட்டு குறிஞ்சி ஆகிவிடாது.

இந்தப் பாகுபாட்டை ஆட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கதை நடக்கும் ஊரும் காலமும் முதற்பொருள். அங்குள்ள ஆயுதம், உடை, உணவு, தெய்வம், அரக்கர் எல்லாம் கருப்பொருள். இவற்றை எளிதில் மாற்றலாம். ஆட்டத்தின் உரிப்பொருள் எங்கே இருக்கிறது? விதியில் இருக்கிறது. எதை எண்ணுகிறது, எதற்குப் பரிசு தருகிறது, எதை இழந்தால் ஆட்டம் முடிகிறது என்ற மூன்றிலும் அது தெரிந்துவிடும். கதைக்கும் ஓர் உரிப்பொருள் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் சிறக்கும். ஒத்துப்போகாவிட்டால் எத்தனை தமிழ்ப் பெயர் வைத்தாலும் பயனில்லை.

பக்கத்து ஊர்ச் சான்று

நாம் குடியிருக்கும் தேஹு ரோட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. இந்திராயணிக் கரையில் உள்ள ஆளந்தியில் 1296-இல் சமாதி அடைந்த ஞானேசுவரர்தான் மோட்சபட் என்னும் ஆட்டத்தை உருவாக்கினார் என்பது மகாராட்டிரத்தில் வழங்கும் மரபு. கீழே பிறவி, மேலே மோட்சம். நடுவில் நற்குணம் ஏணி, தீக்குணம் பாம்பு. வட இந்தியாவில் ஞான சௌபர் என்ற பெயரில் இதே வகைப் பலகைகள் உண்டு. 72 கட்டத்திலும் சமணர் வழக்கில் 84 கட்டத்திலும் கிடைக்கின்றன. நம் ஊரில் இதன் உறவினர் பரமபத சோபான படம். மார்கழி மாதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க, பாட்டியும் பேரனும் தாயக்கட்டை உருட்டி ஆடியது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆங்கிலேயர் இதை எடுத்துப்போய், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் அச்சிட்டு விற்றார்கள். தொடக்ககால ஆங்கிலப் பலகைகளில் சிக்கனம், உழைப்பு, மனம் திருந்துதல் ஆகியவை ஏணிகளாகவும், சோம்பல், கீழ்ப்படியாமை போன்றவை பாம்புகளாகவும் இருந்தன. போகப்போக அந்தப் பெயர்களும் உதிர்ந்து, வெறும் எண்களோடு நிற்கும் பாம்பு-ஏணி ஆட்டம் நமக்கே திரும்பி வந்தது. இப்போது கடையில் அதைத்தான் வாங்குகிறோம்.

பெயர்கள் ஏன் உதிர்ந்தன? "மேல்நாட்டாருக்கு ஆன்மிகம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் வேறு காரணம் சொல்வேன். இந்த ஆட்டத்தின் விதியைக் கவனியுங்கள். ஆடுபவருக்கு எந்தத் தேர்வும் கிடையாது. கட்டை விழுந்தபடி காய் நகர்கிறது. தருமம் என்ற ஏணியில் ஏறியவர் தருமம் செய்ததால் ஏறவில்லை. நாலு விழுந்ததால் ஏறினார். தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டல்லவா? இந்த ஆட்டத்தில் இரண்டு பொருளும் ஒன்றுதான்.

பிறவியும் வினையும் நம் கையில் இல்லை, பரமபதம் நம் சாமர்த்தியத்தால் கிடைப்பதில்லை, அது அவன் அருளால் வருவது என்று நம்புகிறவருக்கு இந்த விதி மிகப் பொருத்தம். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் பெரிய பாம்பு கடித்து அடியில் தள்ளும்போது, "இன்னும் வினை தீரலை, மறுபடியும் பிற" என்று பாட்டி சொன்னால் அது ஆட்டத்துக்கு உரை. ஆனால் உழைத்தால் முன்னேறலாம், சோம்பினால் கெடுவாய் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்ல நினைத்தவருக்கு இதே விதி எதிரி. 'உழைப்பு' என்ற கட்டத்துக்கு உழைக்காமலே போய்ச் சேர்கிறானே! அதனால்தான் அங்கே கதை ஒட்டவில்லை, எண் மட்டும் மிஞ்சியது என்பது என் கருத்து. பலகை ஒன்று, பகடை ஒன்று. ஒரு கதைக்குப் பொருந்திய விதி மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை.

முருகனுக்கு உயிர்ப்புள்ளி

இனி மேசை ஆட்டத்துக்கு வருவோம். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இன்றும் உலகில் மிகப் புகழ்பெற்றது இதுவே. இதன் வேர் போர் ஆட்டத்தில் இருக்கிறது. சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திச் சண்டையிடும் செயின்மெயில் என்ற 1971-ஆம் ஆண்டு விதிநூலிலிருந்து இது கிளைத்தது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி உண்டு. அடிபட்டால் குறையும், தீர்ந்தால் சாவு. கவசத்துக்கு ஓர் எண். எதிரியைக் கொன்றாலும், குகையிலிருந்து பொன்னைக் கொண்டுவந்தாலும் அனுபவப் புள்ளி. அது சேர்ந்தால் படிநிலை உயரும், உயிர்ப்புள்ளியும் கூடும். பின்னால் வந்த பதிப்புகளில் எவ்வளவோ மாறினாலும் இந்த எலும்புக்கூடு மாறவில்லை. புறப்படு, போரிடு, வென்று வலிமை பெறு என்பதே இதன் உரிப்பொருள். அந்த மாதிரிக் கதைக்கு இது மிக நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆட்டத்துக்குத் துணைநூலாக 1980-இல் பல நாட்டுத் தெய்வங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. அதில் இந்தியப் பகுதியும் உண்டு. இந்திரன், அக்னி, வருணன், யமன் வரிசையில் கார்த்திகேயனும் இருக்கிறார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி, இத்தனை கவச எண் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். நம் முருகனுக்கு உயிர்ப்புள்ளியா என்று சிலருக்குக் கோபம் வரலாம், சிலருக்குச் சிரிப்பு வரலாம். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுத் திறனாய்வாகப் பார்ப்போம்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் போருக்குக் குறைவே இல்லை. படை, தேர், மாயம், அம்பு எல்லாம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த ஆட்டத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆனால் கதை எப்படி நடக்கிறது? முதலில் வீரவாகுவைத் தூது அனுப்புகிறார். சிறைப்பட்ட தேவர்களை விட்டுவிட்டால் போர் வேண்டாம் என்கிறார். போர்க்களத்தில் பேருருவம் காட்டும்போது சூரபன்மனே ஒரு கணம் உருகி வணங்க நினைக்கிறான். இறுதியில் மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது. அப்போதும் அவன் அழிவதில்லை. ஒரு பாதி மயிலாகி வாகனமாகிறது, மறு பாதி சேவலாகிக் கொடியில் ஏறுகிறது. பகைவனை ஆட்கொள்வதுதான் கந்தபுராணத்தின் உரிப்பொருள்.

உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சாவு என்ற விதியில் மயிலுக்கும் சேவலுக்கும் இடம் எங்கே? அந்த அட்டவணையில் வேல் வந்துவிட்டது, மயில் வந்துவிட்டது. முதலும் கருவும் சரி. உரி வரவில்லை. தெய்வத்துக்கு எண் கொடுத்ததை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. எண்ணக்கூடாததை எண்ணிவிட்டு, எண்ணவேண்டிய மனமாற்றத்தை விட்டதே குறை.

பொருந்திய இரண்டு

பொருத்தமாக அமைந்தவற்றையும் சொன்னால்தான் ஆய்வு நியாயமாகும்.

ஒன்று, 1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதி கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹு. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் அச்சக் கதைகளை வைத்துச் செய்தது. அக்கதைகளில் மனிதன் அறியக்கூடாததை அறிந்துகொள்கிறான். அறிவே அவனைக் குலைத்துவிடுகிறது. அதற்கேற்ப விதியில் மனத்தெளிவுக்கு ஒரு புள்ளி வைத்தார்கள். பயங்கரத்தைக் கண்டால் அது குறையும். இன்னும் நுட்பம், அந்த இரகசிய அறிவு கூடக்கூட, மனத்தெளிவு எட்டக்கூடிய உச்ச அளவே கீழே இறங்கும். மர்மத்தை அவிழ்க்க அறிவு வேண்டும், அறிவு சேர்ந்தால் மனம் போகும். கதையின் உரிப்பொருள் அப்படியே கணக்காக மாறிவிட்டது.

இதே கதைக்களத்தை 2002-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிவந்த டி-20 விதியிலும் வெளியிட்டார்கள். மனத்தெளிவுப் புள்ளியையும் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் படிநிலை ஏறுகிறது, உயிர்ப்புள்ளி கூடுகிறது. கதை "நீ சிறியவன்" என்கிறது; விதி "நீ வளர்ந்துகொண்டே போகிறாய்" என்கிறது. ஒரே ஊர், ஒரே பூதம். ஆனால் திணை வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு என் வாதம் விளங்கிவிடும்.

மற்றொன்று, 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு எழுதிய பென்டிராகன். ஆர்தர் மன்னனின் வீரர்கள் பற்றியது. இதில் வீரனின் குணங்களை எதிரெதிர் இணைகளாக, பதின்மூன்று இணைகளாக எழுதி வைப்பார்கள். வாய்மை-வஞ்சம், துணிவு-கோழைத்தனம் என்பது போல. ஓர் இணையின் இரண்டு எண்களும் சேர்ந்தால் 20. ஒன்று கூடினால் மற்றது குறையும். விசுவாசம், அன்பு, பகை ஆகியவற்றுக்கும் எண் உண்டு. நெருக்கடி வரும்போது குணத்தின் மேல் பகடை உருட்ட வேண்டும். ஆடுபவர் விரும்பாததைப் பாத்திரம் செய்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் குளிர்காலக் கணக்கு உண்டு. வீரனுக்கு வயது ஏறும், பிள்ளை பிறக்கும். அவன் இறந்தபின் மகனாக ஆட்டத்தைத் தொடரலாம். குலமும் குணமும் விதிக்குள்ளேயே வந்துவிட்டன.

"எல்லாக் கதைக்கும் பொருந்தும் பொது விதி ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள். ஸ்டீவ் ஜாக்சன் 1986-இல் வெளியிட்ட கர்ப்ஸ் அப்படிப்பட்டது. விண்வெளிக்கும் ஒன்று, வரலாற்றுக்கும் ஒன்று என்று பல துணைநூல்கள். வசதிதான். ஆனால் பொது விதி என்பது ஆயத்தக் கடைச் சட்டை மாதிரி. யாருக்கும் உடம்பில் ஏறும், யாருக்கென்றும் தைத்ததல்ல. கதையின் உயிர்நாடியைத் தொடும் இடத்தில் நடத்துநர் தாமே விதி சேர்க்க வேண்டியிருக்கும். என்ன சேர்ப்பது என்று தெரிய உரிப்பொருளை அறிந்திருக்க வேண்டும். ஆகப் பழைய கேள்விக்கே திரும்பி வருகிறோம்.

நம் கதைகளுக்கு எந்த விதி?

முதலில் பலரும் ஆசைப்படும் பொன்னியின் செல்வன். கல்கி வார இதழில் 1950-இல் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. வந்தியத்தேவன் வாள்வீரன்தான். ஆனால் கதையை நகர்த்துவது அவன் வாளா? ஆதித்த கரிகாலனின் ஓலையைச் சுமந்து வருகிறான். கடம்பூரில் ஒளிந்திருந்து சதியைக் கேட்டுவிடுகிறான். நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரம் வழி திறந்துவிடுகிறது. பொய் சொல்லித் தப்புகிறான், நம்பிக்கை சம்பாதிக்கிறான், குந்தவையின் முன்னால் வாயடைத்துப் போகிறான். இங்கே செல்வம் என்பது இரகசியம். கவசம் என்பது நம்பிக்கை. யாருக்கு எந்த இரகசியம் தெரியும், யார் யாரை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை எண்ணுகிற விதி இதற்கு வேண்டும். உயிர்ப்புள்ளிக் கணக்கில் போட்டால் வந்தியத்தேவன் கடம்பூரிலேயே வாளை உருவிவிடுவான். ஐந்து பாகம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்! இன்னொன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றி முடித்து வைக்கவில்லை. துப்பறிந்து விடை காண்பதே வெற்றி என்ற விதியும் இதற்கு முழுதாகப் பொருந்தாது.

அடுத்து சிலப்பதிகாரம். புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டம், முப்பது காதை. ஆட்டத்துக்கு ஏற்ற களம் இதைவிட வேறு உண்டா? துறைமுகம், இந்திர விழா, காட்டுவழி, கோயில், அரண்மனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் உச்சகட்டத்தில் கண்ணகி கையில் இருப்பது ஒற்றைச் சிலம்பு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. அரசனை எவரும் வெட்டவில்லை; தன் தவறு தெரிந்ததும் உயிர் துறக்கிறான். இந்த அவையில் பகடைக்கு வேலையே இல்லை. "கண்ணகி, பத்துக்கு மேல் போட்டால் அரசன் ஒத்துக்கொள்வான்" என்று சொன்னால் காப்பியம் செத்துப்போகும். உண்மை அவள் பக்கம் இருக்கிறது. அது சந்தேகத்துக்குரியதே அல்ல. பகடையை இங்கே வைக்காமல் வேறு இடத்தில் வைக்கலாம். மதுரை எரியும்போது யாரைக் காப்பாற்ற முடியும்? கவுந்தியடிகளோடு நடக்கும் நெடுவழியில் கோவலன் தன் மனச்சுமையை எவ்வளவு இறக்கி வைப்பான்? பகடையை எங்கே உருட்டக்கூடாது என்று தெரிந்திருப்பதும் விதி அமைப்பதில் பாதி.

மூன்றாவது, வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்படும் கர்ணன் கதை. கர்ணன் சாவான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். அப்படியும் விழித்திருந்து பார்க்கிறார்கள். எதற்கு? உடன்பிறந்தவர் ஒரு பக்கம், சோறு போட்டவன் ஒரு பக்கம் என்று அவன் நெஞ்சு கிழிபடுவதைப் பார்க்க. முடிவு தெரிந்த கதைக்கு வெற்றி-தோல்வி விதி எதற்கும் உதவாது. பென்டிராகன் போல விசுவாசத்துக்கும் உறவுக்கும் எண் வைத்து, இரண்டையும் மோதவிடும் விதி இதற்கு அழகாகப் பொருந்தும். செஞ்சோற்றுக் கடன் 18, தாய்ப்பாசம் 15 என்று எழுதி வைத்து, குந்தி வந்து கேட்கும் காட்சியில் பகடையைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள். கர்ணன் யார் என்று அவனுக்கு விளங்கிவிடும்.

கூத்தில் கட்டியக்காரன் இருப்பதையும் மறக்கக்கூடாது. பாத்திரங்களை அறிமுகம் செய்கிறான், கேள்வி கேட்கிறான், கேலி பேசுகிறான், கதைக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிறான். மேசை ஆட்டத்தின் நடத்துநர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நடத்துநராக இருக்க விரும்பும் இளைஞர்கள் ஒருமுறை கூத்து பார்ப்பது நல்லது.

கடைசியாக, நம் வாசலில் நடப்பது. துக்காராமின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்திப் பண்டரிபுரம் போகும் யாத்திரையை அவர் மகன் நாராயண் மகராஜ் 1685-இல் தொடங்கினார் என்பர். ஒவ்வோர் ஆண்டும் தேஹுவிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய மூன்று வாரம் நடந்து, ஆஷாட ஏகாதசிக்குப் போய்ச் சேருகிறார்கள். இதை ஆட்டமாக்கினால் என்ன விதி? எதிரி இல்லை, புதையல் இல்லை. மழை இருக்கிறது, கால் வலி இருக்கிறது, கூட நடக்கும் திண்டிக் கூட்டம் இருக்கிறது, வழியூர்களில் சோறு போடும் கைகள் இருக்கின்றன. தனியாக முன்னால் ஓடினால் தோற்பாய், தளர்ந்தவனுக்குத் தோள் கொடுத்தால் உன் பலமும் கூடும் என்று விதி வைக்க வேண்டும். பழனிக்குக் காவடி எடுத்து நடந்தவர்களுக்கு இந்த விதி உடனே புரியும். ஊர் வேறு, தெய்வத்தின் பெயர் வேறு, பாட்டின் மொழி வேறு, உரிப்பொருள் ஒன்று. பெயரும் ஊரும் தமிழாக இருந்தும் உரிப்பொருள் தப்பிய ஆட்டத்தைவிட, மராட்டிய மண்ணில் நடக்கும் இந்த ஆட்டம் நம் பிள்ளைக்குப் பழனியை நன்றாகச் சொல்லிவிடும்.

இரண்டு மறுப்புகள்

"விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை ஒரு கதையைக் கேட்கும்போது அதை வெளியிலிருந்து பார்க்கிறான். ஆடும்போது உள்ளே போய்விடுகிறான். விதி எதற்குப் பரிசு தருகிறதோ அதைத் தேடித்தான் அவன் கை போகும். அது அவன் குற்றமில்லை. கொன்றால் புள்ளி என்று சொல்லிவிட்டு, "கண்ணகி கதையிலிருந்து அறம் கற்றுக்கொள்" என்றால் எப்படி? அவன் கற்றுக்கொண்டது புள்ளி சேர்க்கும் வித்தையாகத்தான் இருக்கும். கதைப்புத்தகம் படிக்காத பிள்ளைக்கு அந்தக் காப்பியத்தோடு ஏற்படும் முதல் அறிமுகமே இந்த ஆட்டமாக இருக்கலாம். ஆகவே கவனம் தேவை.

"நடத்துநர் கெட்டிக்காரராக இருந்தால் எந்த விதியிலும் எந்தக் கதையையும் நடத்தலாமே" என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். நல்ல சமையற்காரர் கரண்டி இல்லாமலும் சமைத்துவிடுவார். ஆனால் அப்போது சமைத்தது அவர் கை. கரண்டிக்கு அதில் பங்கு இல்லை. ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் கதை நடக்கிறது என்றால், அந்த விதி கதைக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

முடிவுரை

பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதையை ஆட்டமாக அமைக்க விரும்பும் பெற்றோரும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் போதும். இந்தக் கதையில் மனிதர்கள் எதை இழக்க அஞ்சுகிறார்கள்? அதை எண்ணுங்கள். எதைச் செய்தால் கதை அவர்களை உயர்த்துகிறது? அதற்குப் பரிசு கொடுங்கள். எது ஐயத்துக்கு இடமின்றி நடந்தே தீர வேண்டும்? அங்கே பகடையைத் தொடாதீர்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின், கடையில் இருக்கும் விதிகளில் எது அருகில் வருகிறது என்று தேடலாம். ஒன்றும் வராவிட்டால் நாலு வரியில் நாமே எழுதிக்கொள்ளலாம். பரமபத படத்தை வரைந்த நம் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள்.

முதலும் கருவும் நாம் விட்டுவந்த ஊரில் இருக்கின்றன. அந்த ஆறும் வயலும் பூவும் நம் பிள்ளைகளுக்குப் படத்தில் பார்த்தவையே. உரிப்பொருளுக்கு ஊர் தடையில்லை. அதைத் தேஹு ரோட்டிலும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைமாற்றிக் கொடுக்கலாம். அடுத்த கோடை விடுமுறையில் நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு காதையை, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடக்கும் வழியை மட்டும், இப்படி அமைத்துத் தர இயலுமா என்று பெரியவர்கள் கூடி யோசிக்க வேண்டும். விதியை எழுதும்போது பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். எதை எண்ணுவது என்று அவர்கள் வாதாடத் தொடங்கும்போதே சிலப்பதிகாரத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.